செவிலிமேட்டில் மட்டும் திறக்காத பக்கம்

– பொட்டிய நிறுத்திட்டேன்மா. பச்சை லைட்டு போயிடுச்சு. இப்ப இன்னா பண்ணணும்?

– முப்பது வரைக்கும் எண்ணுங்க சார். அப்பறம் ஆன் பண்ணுங்க.

– வாய்விட்டு எண்ணணுமா?

– மனசுக்குள்ள எண்ணினாலும் ரௌட்டர் ஒத்துக்கும் சார்.

– இல்ல… கீழ என் சம்சாரம் தூங்கிக்கினு இருக்கா. மதியானத் தூக்கம். பொட்டி அவ தலைக்கு மேல, காலண்டர் பக்கத்துல இருக்குது. நான் ஸ்டூல் மேல நிக்கிறேன்.

– ஸ்டூல் மேலயா? பாத்து இறங்குங்க சார். இடது கால ஊனாதீங்க.

– …ஏன்?

– சும்மா… பொதுவா சொன்னேன். எல்லாருக்கும் இடது கால்தான் வழுக்கும்.

– அப்படியா. சரிம்மா… இருபத்தெட்டு, இருபத்தொம்பது… போட்டுட்டேன். பச்சை வந்துடுச்சு. இறங்கிட்டேன். வலது கால்லதான் இறங்கினேன்.

– நல்லது சார். இப்ப எங்க சைட்ட தொடுங்க. என்ன வருது?

– சுத்துது.

– சுத்தட்டும்.

– சுத்திக்கினே இருக்குது… ஊர்ல மழை வேற. வெள்ளையா ஒரு பக்கம், நடுவுல ஒரு வளையம் சுத்துது, வெளிய தூறல். பாத்துக்கினே இருந்தா எனக்கே தூக்கம் வருது.

– இங்கயும் தூறுது சார். தூங்கிடாதீங்க. வந்துதா?

– வந்தது. ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை.’ ஒம்பது நாளா இதையேதான் சொல்லுது.

– வேற சைட் எல்லாம் திறக்குதா?

– பஞ்சாங்கம் திறக்குது. நியூஸ் திறக்குது. யாரோ ஒருத்தன் எருமை மாட்டுக்கு ஷாம்பு போடுற வீடியோ, கேக்காமயே திறக்குது. உங்களுது மட்டும்தான் முரண்டு பிடிக்குது.

– எங்க சைட் யாருகிட்டயும் முரண்டு பிடிக்காது சார். உங்க பேரு சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.

– பேரா… குமாரவேல்.

– குமாரவேலா?

– ஏன்மா, நல்லா இல்லியா?

– நல்லாத்தான் இருக்கு. நான் ஜோதிகா.

– ஜோதிகாவா… சரி, அப்படியே வெச்சுக்கலாம்.

– என்ன வேலை சார் பாக்கறீங்க?

– அதுக்கும் நெட்டுக்கும் இன்னா சம்பந்தம்?

– ஃபார்ம்ல கேக்குது சார்.

– கடை. மளிகைக் கடை.

– மளிகைக் கடை. எழுதிக்கிட்டேன். எங்க நம்பர் எப்படி கெடைச்சது சார்?

– உங்க பக்கத்துல கடைசில எழுதியிருந்தது. ‘பக்கம் திறக்கவில்லை என்றால் அழைக்கவும்.’ திறக்கலன்னா அந்த நம்பர எப்படிம்மா பாக்கறது? யாரு யோசிச்ச யோசனை இது?

– …நான் யோசிச்சதுதான் சார்.

– நெனச்சேன்.

– அப்ப நீங்க எப்படி கூப்டீங்க?

– திறந்துக்கினு இருந்தப்பவே ஒரு சீட்டுல எழுதி வெச்சுட்டேன்.

– எப்ப?

– ஒரு… நாலு மாசம் இருக்கும்.

– நாலு மாசமா வெச்சிருக்கீங்களா? கூப்டவே இல்ல?

– அப்பல்லாம் ஒழுங்கா திறந்துக்கினு இருந்ததேம்மா. இன்னா சொல்லி கூப்டறது?

– அதுவும் சரிதான்.

– இன்னிக்கு சரியாயிடுமா?

– மெதுவா பாக்கலாம் சார். அவசரமா?

– அவசரந்தான். அந்தப் பொண்ணு எழுதுறது நடுவுல நின்னுபோச்சு.

– அது வெறும் கனவு சார். அவங்க தெனம் காலைல எழுந்ததும், கண்ட கனவ அப்படியே எழுதி போடறாங்க. முன்னாடி பின்னாடி எதுவும் இருக்காது. எங்க விட்டாலும் ஒண்ணுதான்.

– யாரு சொன்னது? நூத்தம்பது கனவு படிச்சிருக்கேன். எல்லாத்துலயும் ஒரு டவுன் பஸ் வருது. ஒரு நாளு பெருமாள் கோயில்ல இருக்கற தங்கப் பல்லி இறங்கி வந்து அந்த பஸ்ல ஏறுது. அதுக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டான்னு ஒரே சண்டை. இன்னொரு நாளு, தெருவுல தறிக்கு பாவு நூல் நீட்டி கட்டியிருக்காங்க. நூலு ஏனாத்தூர்ல ஆரம்பிச்சு, ஊர தாண்டி, செவிலிமேடு வரைக்கும் போகுது. நடுவுல தாங்கறதுக்கு ஒரு ஆள் இல்ல. ஆனா தொங்கவே இல்ல, விறைப்பா நிக்குது. அந்த நூலு மேலதான் பஸ் போகுது.

– நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க.

– அந்த பஸ்ல ஒரு கண்டக்டர் வராரு இல்ல? எல்லா கனவுலயும். அவரு மூஞ்சிய மட்டும் அந்தப் பொண்ணு எழுதவே மாட்டேங்குது. முதுகுதான். காக்கிச் சட்டை, தோள்ல பை, காதுல பென்சில்.

– அவர் திரும்பமாட்டேங்கறாரு சார். திரும்பினாதானே எழுத முடியும்.

– …அப்படியா.

– கடைசியா படிச்சதுல என்ன ஆச்சு?

– பஸ் பாலாத்துல இறங்கிடுச்சு. ஆறு மணல் இல்ல, கரை முட்ட தண்ணி. பஸ் அது பாட்டுக்கு தண்ணிக்குள்ள போகுது, யாரும் நனையல. சன்னல்ல மீனு வந்து எட்டிப் பாக்குது. அந்தப் பொண்ணு வயித்த பிடிச்சுக்கினு நிக்குது, ஒம்பது மாசம். உக்கார சீட்டு இல்ல. கண்டக்டர கூப்டுது. அவரு கொஞ்சம் கொஞ்சமா திரும்பறாரு… அதோட ‘முழித்துக்கொண்டேன்’னு எழுதிட்டாங்க.

– ஆமா சார்.

– மறுநாள்லேருந்து எனக்கு திறக்கல. அவரு திரும்பினாரா இல்லியான்னு எனக்கு தெரியணும்மா. அதுக்குதான் கூப்டேன். வேற ஒண்ணுமில்ல.

– புரியுது சார்.

– எனக்கு ஒரு கோவம் வேற. எந்த கண்டக்டரும் புள்ளத்தாச்சிய நிக்க வெச்சுட்டு முதுக காட்டமாட்டான். மொத சீட்டுல இருக்கறவன எழுப்பிட்டு உக்கார வெப்பான். அது கனவா இருந்தாலும் சரி.

– மளிகைக் கடைக்காரருக்கு கண்டக்டர் வேலை இவ்ளோ தெரியுதே.

– பஸ்ல போறவன்தானேம்மா நானும்.

– சரி சார்… வேலைய பாப்போம். உங்க வீட்ட தவிர வேற எங்கயாச்சும் திறந்து பாத்தீங்களா?

– நான் பாக்கல. ஓரிக்கைல அப்பாதுரைன்னு என் ஃப்ரெண்டு இருக்கான். அவன் வீட்ல திறக்க சொன்னேன். ‘திறக்குதுய்யா, தெருவுல நூல் கட்டி வெச்ச படம் வருது’ன்னான்.

– உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்க சொல்லலையா?

– அவன்கிட்டயா? அது அடுத்தவன் வாயால கேக்கற விஷயம் இல்லம்மா.

– நீங்களே டேப்லெட்ட எடுத்துக்கிட்டு அங்க போயிருக்கலாமே.

– போனா அவன் சம்சாரம் காபி போட்டுக் குடுத்து எதிர்ல உக்காந்துக்கும். அந்தப் பொண்ணு எழுதறத படிச்சா எனக்கு… கண்ணு கொஞ்சம் எரியும். நாலு பேர் முன்னாடி வேணாம்.

– …சரி சார். ஓரிக்கைல திறக்குது. நான் ஏனாத்தூர்லேருந்து பேசறேன், இங்கயும் திறக்குது. அப்ப சைட்ல கோளாறு இல்ல. உங்க வீட்ல மத்ததெல்லாம் திறக்குது, அப்ப உங்க நெட்டுலயும் கோளாறு இல்ல. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நடுவுலதான் ஏதோ.

– நடுவுலதான்… ஆமா. ஏனாத்தூர்லேருந்தா பேசறீங்க? செவிலிமேட்டுலேருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான்.

– ரெண்டு பஸ் மாறணும் சார்.

– ஸ்கூட்டர்ல இருபது நிமிஷம்.

– வந்திருக்கீங்களா இந்தப் பக்கம்?

– ஒரு தடவ. தெரிஞ்சவங்க ஒருத்தங்கள பாக்கலாம்னு. தெரு முனை வரைக்கும் வந்தேன். அவங்க மாடில துணி காயப்போட்டுக்கினு இருந்தாங்க. நீலக் கலர் போர்வை. கொடில எட்டல, எக்கி எக்கி போட்டாங்க. சரி, வேலையா இருக்காங்கன்னு… வண்டிய திருப்பிட்டேன்.

– கூப்டிருந்தா கீழ இறங்கி வந்திருப்பாங்களே சார்.

– வந்திருப்பாங்களா?

– ஓடி வந்திருப்பாங்க.

– …அது தெரியாம போச்சு.

– சார், இருக்கீங்களா?

– இருக்கேன், இருக்கேன். நீ நின்னுக்கினேவா பேசறே… பேசறீங்க? மூச்சு வாங்குது.

– உக்காந்துட்டேன் சார்.

– கால தொங்க போடாதீங்க. நீட்டி வெச்சுக்கங்க. ஆபீஸ்ல ஸ்டூலு கீலு இருக்கும் இல்ல?

– இருக்கு சார். வெச்சுக்கிட்டேன். இப்ப டேப்ல தேடற இடத்துல ‘என் ஐபி நம்பர்’னு அடிங்க. புள்ளி வெச்சு வெச்சு நம்பர் வரும். உங்க வீட்டு நெட்டுக்கு உள்ள வீட்டு நம்பர் மாதிரி அது.

– அடிக்கறேன்… மெதுவாதான் வரும்… வந்துடுச்சு. நூத்திமூணு… புள்ளி… நாப்பத்தெட்டு… புள்ளி…

– சார், ஸ்டாப்பிங் பேரு கூவுற மாதிரி சொல்றீங்க. அம்மா எழுந்துக்கப் போறாங்க.

– பழக்கம்… கடையில லிஸ்ட் படிச்சு படிச்சு. மீதிய மெதுவா சொல்றேன், எழுதிக்கோ.

– எழுதிட்டேன் சார். கொஞ்சம் லைன்ல இருங்க, எங்க பக்கத்துல தடுத்து வெச்ச லிஸ்ட் ஒண்ணு இருக்கு. அது திறக்க நேரமாகும்.

– ஆகட்டும்மா. எனக்கு ஒரு வேலையும் இல்ல.

– இங்கயும் சுத்துது சார்.

– அம்மா ஜோதிகா.

– சொல்லுங்க சார்.

– அந்த எழுதுற பொண்ணு… உங்களுக்கு தெரியுமா? நேர்ல?

– தெரியும் சார்.

– நல்லாருக்குதா?

– நல்லாருக்காங்க.

– வீட்டுக்காரரு டேனியல்னு எழுதியிருந்தது. அவரு எப்படி?

– ராத்திரி கால் பிடிச்சுக்கிச்சுன்னா எண்ணெய் தேச்சு விடுவாரு. சமையல்தான் வராது. போன வாரம் ரசம்னு ஒண்ணு வெச்சாரு, பூனை கூட ஒதுங்கிப் போச்சு.

– சிரிக்க வெக்காதம்மா, இவ எழுந்துக்குவா… புளிப்பு வேணும்னு கேக்குதா அந்தப் பொண்ணு?

– இப்ப இல்ல. மொத நாலு மாசம் கேட்டாங்க.

– யாரு குடுத்தா?

– கடையில வாங்கிக்கிட்டாங்க சார்.

– அவங்கம்மா வீட்லேருந்து யாரும்…

– அம்மா திருட்டுத்தனமா போன் பண்ணுவாங்க, ரெண்டு நிமிஷம். அப்பா பேசறதில்ல. மூணு வருஷமாச்சு. சர்ச்ல கல்யாணம் நடந்தது. அவருக்குன்னு மொத வரிசைல ஒரு நாற்காலி காலியா விட்டு வெச்சிருந்தாங்க.

– …காலியாவே இருந்ததா?

– கடைசி வரைக்கும். யாரும் உக்கார வேணாம்னு அவங்க துப்பட்டாவ போட்டு வெச்சிருந்தாங்க.

– வந்திருக்கணும்.

– யாரு சார்?

– அந்த அப்பா. வந்திருக்கணும். சொந்தக்காரன் இன்னா சொல்லுவான், ஊரு இன்னா சொல்லும்னு வீட்டுக்குள்ள படுத்துக்கினு இருந்திருப்பான். முட்டாள். அன்னிக்கு முழுக்க ஃபேன பாத்துக்கினு படுத்திருப்பான்.

– அப்படி சொல்லாதீங்க சார். எழுதுறவங்க ஒரு நாளும் அவர அப்படி எழுதல.

– எழுதலதான். அதான் தாங்கல… படிக்கறவங்களுக்கு.

– உங்களுக்கு இந்த சைட் பத்தி யாரு சொன்னாங்க?

– பையன். பிரேம்நாத்துன்னு, பெங்களூர்ல இருக்கான். டேப் வாங்கிக் குடுத்தப்ப அதுல மொத பக்கத்துலயே உங்க சைட்டோட நூலு படம் ஒட்டியிருந்தது. ‘இது இன்னாடா’ன்னேன். ‘கை தெரியாம பட்டிருக்கும்’னான். கை தெரியாம பட்டா அவ்ளோ நேரா ஒட்டுமா?

– …பிரேம்நாத் அப்படித்தான் சார்.

– உங்களுக்கு தெரியுமா அவன?

– இல்ல… அந்தப் பேரு வெச்சவங்கல்லாம் அப்படித்தான்னு சொன்னேன். சார், லிஸ்ட் திறந்துடுச்சு. பாக்கறேன்.

– பாரும்மா.

– இருக்கு. உங்க நம்பர் இதுல இருக்கு. எங்க காவல்தான் உங்கள தடுத்து வெச்சிருக்கு.

– காவலா? நான் இன்னா பண்ணேன்?

– ஒம்பது நாள் முன்னாடி சைட்டுக்கு புதுசா ஒரு காவல் ப்ரோக்ராம் போட்டேன் சார். கமெண்ட் எழுதற இடத்துல ஒரே விளம்பரமா வந்து விழுந்தது. முடி வளர எண்ணெய், அது இதுன்னு. மிஷின் போடற கமெண்ட கண்டுபிடிச்சு, அத வெளிய காட்டாம, அந்த வீட்டு நெட்டையே மொத்தமா தடுத்துடும். அது உங்கள மிஷின்னு நெனச்சுடுச்சு.

– நான் எண்ணெய் விக்கலியேம்மா.

– தெரியும் சார். காரணம் போட்டிருக்கு, படிக்கட்டுமா?

– …வேணாம். தடைய மட்டும் எடுத்துடு.

– படிச்சாத்தான் சார் எடுக்க முடியும். ‘ஒரே இணைப்பு. பெயர் இல்லை. தினமும் காலை ஐந்தே கால் மணி. நூற்று நாற்பத்தாறு முறை. ஒவ்வொரு முறையும் ஒரே எழுத்து.’

– யாராவது தெரியாம போட்டிருப்பாங்க.

– உங்க வீட்டு நம்பர்தான் சார். வீட்ல வேற யாரு?

– நானும் இவளும்தான். இவளுக்கு டேப்ப துடைக்கதான் தெரியும்.

– அப்ப என்ன எழுத்துன்னு நீங்களே சொல்லுங்க. சரிபாக்கணும்.

– அது… ம்.

– ஆமா சார். ம்.

– கனவு சொன்னா கேக்கறவங்க ம் கொட்டணும் இல்லியா. பின்ன, சொல்றவங்களுக்கு எப்படி தெரியும்? எங்க வீட்ல ஒரு சின்னப் பொண்ணு இருந்தது. நான் மொத ட்ரிப்புக்கு கெளம்ப… கடை திறக்க கெளம்பறப்ப எழுந்து வந்து, பல்லு கூட விளக்காம, மடில உக்காந்து கனவு சொல்லும். நான் ஷூ லேஸ் கட்டிக்கினே ம், ம்னுவேன். அந்தப் பழக்கம். இங்க படிச்சு முடிச்சதும் கை தானா போயிடும். வேற எதுவும் எழுதறதுக்கு எனக்கு தைரியம் இல்ல. ஒண்ணு எழுதினா இன்னொண்ணு எழுத தோணும். யாருன்னு தெரிஞ்சுபோயிடும்.

– நூத்தி நாப்பத்தாறு நாள்.

– தப்பாம்மா? மிஷின் மாதிரி ஆயிடுச்சா?

– இல்ல சார். ஒரு தப்பும் இல்ல. காவலுக்கு தமிழ் தெரியல, அவ்ளோதான்.

– அழறியா?

– இல்ல சார். சளி. மழை பெய்யுதே.

– ஆவி பிடி. மாத்திர கீத்திர போட்டுடாத, இந்த நேரத்துல.

– போடல சார்.

– எடுத்துட்டியா தடைய?

– எடுத்துட்டேன். இனிமே உங்க வீட்டு நம்பர யாரும் தடுக்க முடியாத மாதிரி தனியா எழுதி வெச்சுட்டேன். இப்ப தொடுங்க.

– தொடறேன்… சுத்துது…

– சுத்தட்டும்.

– நூலு படம் வருது. வந்துடுச்சும்மா. கடகடன்னு எல்லாம் வந்துடுச்சு. நல்லாரு தாயி. இரு, கண்ணாடிய போட்டுக்கறேன்… ஒம்பது நாளு இருக்குது இல்ல, ஒண்ணொண்ணா படிக்கறேன். நீ லைன வெச்சுடாத.

– வெக்கல சார்.

– இது… பஸ்ஸு தண்ணில போறது. இது நான் படிச்சதாச்சே.

– ஆமா.

– மேல தள்ளறேன், இதுக்கு மேல ஒண்ணும் வரலியே. இன்னும் திறக்க வேண்டியது இருக்குதா?

– இல்ல சார். எல்லாம் திறந்தாச்சு. அதான் கடைசி.

– ஒம்பது நாளா ஒண்ணுகூட எழுதலியா அந்தப் பொண்ணு?

– எழுதல.

– கனவு வரலியா?

– தெனமும் வந்தது.

– உடம்புக்கு ஏதாவது… டாக்டர்கிட்ட காட்டினாங்களா?

– உடம்பு நல்லாத்தான் இருக்கு. புதன்கிழமை வர சொல்லியிருக்காங்க.

– பின்ன ஏம்மா எழுதல?

– ம் வரல. நீ கேக்கறத நிறுத்திட்டன்னு நெனச்சுட்டேன்பா.